பிரசவக் கோடுகள் மறையுமா? நிறத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்

முதல் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது, அடிவயிற்றிலும் தொடையிலும் கோடு கோடாக இருக்கிறது, மாமியார் விளக்கெண்ணெய் தடவச் சொல்கிறார், தோழி இறக்குமதி க்ரீம் ஒன்றைச் சொல்கிறார், ஊரில் ஒரு ஸ்கின் கிளினிக்கில் ஆறு சிட்டிங் லேசர் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், எதில் இறங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பத்தாவது படிக்கும் உங்கள் தம்பியின் முதுகில் குறுக்கே கோடுகள் விழுந்திருப்பதையும், வீட்டில் எல்லோரும் பயந்துபோயிருப்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். தோல் மருத்துவராக இந்தக் கேள்விகளை நான் அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர்களில் பலர் என்னிடம் வருவதற்கு முன்பே ஏதோ ஒன்றுக்கு நிறையச் செலவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரெச் மார்க் என்று சொல்லும் இந்தக் கோடுகளை முழுசாக அழிக்கும் க்ரீமோ எண்ணெயோ லேசரோ இன்றுவரை கிடையாது. மங்க வைக்கலாம். சிலருக்கு நன்றாகவே மங்கும். எவ்வளவு மங்கும் என்பதற்கு உங்கள் கோடுகள் இப்போது என்ன நிறத்தில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். லேசருக்கு இப்போது முன்பணம் கட்டாதீர்கள். விளக்கெண்ணெய் தடவலாம், கெடுதல் இல்லை, கோட்டுக்குப் பலனும் இல்லை. தம்பிக்கு இருப்பது அநேகமாக வளர்ச்சிக் கோடுதான்.

இனி காரணத்துக்கு வருகிறேன். நம் தோலில் மேலே மெல்லிய ஒரு அடுக்கு, அதற்குக் கீழே தடிமனான ஓர் அடுக்கு. தோலுக்கு உறுதி கொடுக்கும் கொலாஜன் இழைகளும், இழுத்து விட்டதும் பழைய நிலைக்குத் திரும்ப வைக்கும் எலாஸ்டின் இழைகளும் அந்தக் கீழ் அடுக்கில்தான் பின்னிக் கிடக்கின்றன. பழைய பாவாடையின் இடுப்பு எலாஸ்டிக்கை நினைத்துப் பாருங்கள். மேலே துணி கிழியாமல் இருக்கும், உள்ளே ரப்பர் இழை அறுந்துபோயிருக்கும். ஸ்ட்ரெச் மார்க்கிலும் மேல் தோல் கிழிவதில்லை. உள்ளே இழைகள் அறுந்து, அந்த இடத்தை உடம்பு தனக்குத் தெரிந்த விதத்தில், அதாவது தழும்பாக, நிரப்புகிறது. மேலே படிந்த கறையாக இருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். உள்ளுக்குள் இருக்கும் தழும்பை எலுமிச்சம்பழமும் சமையல் சோடாவும் தொடக்கூட முடியாது. அவை மேல் தோலை எரித்துக் கருக்க வைப்பதுதான் மிச்சம்.

வயிறு பெரிதானால் கோடு வரும் என்று பொதுவாகச் சொல்கிறோம். இழுவை மட்டும்தான் காரணம் என்றால் இரட்டைக் குழந்தை சுமந்த எல்லோருக்கும் வந்திருக்க வேண்டும். அப்படி வருவதில்லை. இரட்டைப் பிள்ளை பெற்றும் வயிறு வழவழவென்று இருப்பவர்கள் உண்டு, சின்ன வயிற்றோடு பிரசவித்தும் தொடை முழுக்கக் கோடு விழுந்தவர்கள் உண்டு. கர்ப்ப காலத்தில் மாறும் ஹார்மோன்களும், தோலின் பிறவித் தன்மையும் இதில் சேர்கின்றன. உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடும்போது புது இழைகளை உண்டாக்கும் செல்களின் வேலை மந்தமாகிவிடுகிறது, இழுவையைத் தாங்கும் சக்தி தோலுக்குக் குறைகிறது. உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். மிக இளம் வயதில் கர்ப்பமாகிறவர்களுக்கும், கர்ப்பத்துக்கு முன்பே எடை கூடியிருந்தவர்களுக்கும், குழந்தை பெரிய எடையில் பிறக்கிறவர்களுக்கும் கூடுதலாக வருகிறது. கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் வருவதாக ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. ஆக, “எண்ணெய் சரியாகத் தடவவில்லை, அதனால்தான் உனக்கு வந்தது” என்று யாராவது சொன்னால் அதை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நீங்கள் செய்யாமல் விட்டது எதுவும் இல்லை.

இப்போது நிறம். ஆரம்பத்தில் கோடு சிவப்பாக இருக்கும், நாளாக நாளாக வெளுத்து வெள்ளிக் கம்பி மாதிரி ஆகிவிடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது வெள்ளைக்காரர்களின் தோலை வைத்து எழுதியது. நம்மவர்களின் தோலில் புதுக் கோடு பெரும்பாலும் கத்தரிப்பூ நிறத்திலோ, கரும் பழுப்பாகவோ, மாநிறத்தவர்களுக்குக் கொஞ்சம் இளஞ்சிவப்பு கலந்தோ இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, “எனக்குச் சிவப்பு நிலையே வரவில்லை, நேராகப் பழசாகிவிட்டது” என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. வீட்டிலேயே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி ஜன்னல் ஓரமாக நின்று, விரல் நுனியால் கோட்டின் குறுக்கே மெதுவாகத் தடவுங்கள். புதுக் கோடு லேசாகப் புடைத்தோ, சுற்றியுள்ள தோலுக்குச் சமமாகவோ இருக்கும், சில சமயம் அரிக்கும். பழைய கோடு விரலுக்குச் சற்றுப் பள்ளமாகத் தட்டுப்படும். மேல்பரப்பில் சிகரெட் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாள் போல நுண்ணிய சுருக்கம் தெரியும், பக்க வெளிச்சத்தில் மினுங்கும், சுற்றியுள்ள தோலைவிட வெளுத்திருக்கும்.

முதல் நிலையில் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் அதிகம், தழும்பு இன்னும் முடிவான வடிவத்துக்கு வரவில்லை. அப்போது தலையிட்டால் பலன் கிடைக்கும். வெளுத்த பிறகு ரத்தக் குழாய்களும் குறைந்து, நிறம் கொடுக்கும் செல்களும் குறைந்துவிடுகின்றன. இந்த மாற்றம் சில மாதங்களில் தொடங்கி ஓரிரு வருடங்களில் முடிகிறது. ஐந்து மாதக் கோடு என்றால் உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இந்த ஆரம்பக் காலத்தில் ஓரளவு ஆதாரம் உள்ள ஒரே பூச்சு மருந்து ட்ரெட்டினாயின். முகப்பருவுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். 1996ல் அமெரிக்காவில் 22 பேரிடம் செய்த ஒரு ஆய்வில், 0.1 சதவீத ட்ரெட்டினாயினை ஆறு மாதம் தினமும் தடவியவர்களின் புதுக் கோடுகள் நீளத்தில் சராசரியாக 14 சதவீதமும் அகலத்தில் 8 சதவீதமும் குறைந்தன. மருந்து இல்லாத வெறும் க்ரீம் தடவியவர்களுக்குக் கோடுகள் நீண்டு அகன்றன. சின்ன ஆய்வுதான். அந்த எண்களை நன்றாகப் பாருங்கள்: ஆறு மாதம் விடாமல் தடவியும் அகலத்தில் 8 சதவீதம். “30 நாளில் காணாமல் போகும்” என்று டப்பாவில் அச்சடிப்பவர்களுக்கு இந்த எண்ணைத்தான் காட்ட வேண்டும்.

ட்ரெட்டினாயினை நீங்களே மெடிக்கலில் வாங்கித் தடவ வேண்டாம். கர்ப்பமாக இருக்கும்போது இது கூடவே கூடாது, அடுத்த குழந்தைக்கு முயல்வதாக இருந்தாலும் கூடாது. பால் கொடுக்கும் காலத்தில் மாதவிடாய் திரும்பாமலே கர்ப்பம் தரிப்பதும் நடக்கிறது, அதனால் கருத்தடை பற்றி யோசிக்காமல் இதை ஆரம்பிக்கக் கூடாது. தோல் வழியாக உடம்புக்குள் போகும் அளவு மிகக் குறைவுதான். ஆனாலும் நீங்கள் பால் கொடுக்கிறீர்கள், குழந்தை நாள் முழுக்க உங்கள் வயிற்றின் மேல் கிடக்கிறது, அதன் தோலில் மருந்து ஒட்டக் கூடாது. மார்பில் தடவவே கூடாது. நேரில் பார்க்கும் மருத்துவர் சரி என்று சொன்னால் தொடையில் மட்டும் இப்போது ஆரம்பித்து, வயிற்றைப் பால் மறக்கடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். குறைந்த வீரியத்தில், இரவில், மிக மெல்லிய பூச்சாக, முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் சில வாரங்கள் காந்தும், தோல் உரியும். கோடு மறைய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து இன்னும் அதிகமாகத் தடவினால் புண்ணாகிவிடும். நம் தோலில் புண் ஆறினால் அந்த இடம் கறுத்துப்போகும். பழைய, வெளுத்த கோடுகளுக்கு இந்த மருந்தால் பெரிய பயன் இல்லை.

அடுத்து எண்ணெய், க்ரீம். உங்கள் மாமியார் சொல்வதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எண்ணெய் தடவினால் தோல் வறளாது, அரிப்பு அடங்கும், நாள் முழுக்கக் குழந்தையோடு மல்லுக்கட்டிய பெண்ணின் உடம்பை யாராவது பத்து நிமிடம் பிடித்துவிட்டால் அதுவே பெரிய விஷயம். ஆனால் கோடு வராமல் தடுக்குமா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கோகோ வெண்ணெயை ஜமைக்காவிலும் லெபனானிலும் கர்ப்பிணிகளிடம் சோதித்தார்கள், வெறும் க்ரீம் தடவியவர்களுக்கும் அதைத் தடவியவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆலிவ் எண்ணெய்க்கும் அதே கதி. 2012ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த 6 ஆய்வுகளை, மொத்தம் 800 பெண்களின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. எந்தப் பூச்சும் கோடுகளைத் தடுக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றுதான் முடிவு வந்தது. வல்லாரைச் சாறு சேர்த்த க்ரீம்களைப் பற்றி நம்பிக்கை தரும் சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு, ஹையலுரானிக் அமிலம் சேர்த்தவற்றுக்கும் உண்டு. அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். வல்லாரைத் துவையல் சாப்பிட்டால் கோடு மறையும் என்று யாராவது சொன்னால், சாப்பிடுங்கள், நல்ல கீரை, கோட்டுக்காக வேண்டாம்.

தோழி சொன்ன இறக்குமதி க்ரீமும் இந்த வரிசையில்தான் சேரும். வாங்குவதாக இருந்தால் அட்டையின் பின்பக்கத்தில் ரெட்டினால், ரெட்டினில் என்று ஆரம்பிக்கும் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு அவை ஆகாது. மற்றபடி தோலை ஈரப்பதமாக வைப்பதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயும் சாதாரண மாய்ஸ்சரைசரும் அந்த வேலையைச் செய்கின்றன.

“வயிற்றை நகத்தால் சொறியாதே, கோடு விழும், துணியால் ஒற்று” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சொறிவதால் கோடு விழுவதில்லை. தோல் இழுபடும்போது அரிக்கிறது, கோடும் அதே சமயத்தில் விழுகிறது, அதனால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நகக் காயம் படாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் கர்ப்ப கால அரிப்பில் இரண்டு விஷயங்களை எல்லாப் பெண்களும் தெரிந்துகொள்ள வேண்டும், உங்கள் வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். கடைசி மாதங்களில் கோடுகளின் மேலேயே சிவந்த, தடித்த, கடுமையாக அரிக்கும் தடிப்புகள் கிளம்பி, தொப்புளை மட்டும் விட்டுவிட்டு வயிறு தொடை என்று பரவலாம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பிரசவத்துக்குப் பிறகு தானாக அடங்கிவிடும், குழந்தைக்கு ஆபத்து இல்லை. இன்னொன்று அப்படியில்லை. தோலில் எதுவுமே தெரியாமல், உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்க முடியாமல் அரித்து, ராத்திரியில் அதிகமானால் அது கல்லீரலில் பித்தம் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். குழந்தைக்கு ஆபத்து உண்டு. “வயிறு பெருசாகுதுல்ல, அரிக்கத்தான் செய்யும்” என்று எண்ணெய் தடவிக்கொண்டு இருக்கக் கூடாது, அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் இதைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. பிரசவத்தில் வரும் கோடுகளைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். என்னை அதிகம் வேதனைப்படுத்துவது களிம்பால் வரும் கோடுகள். தொடை இடுக்கில் படர்தாமரை வந்த ஒரு பையன் கூச்சத்தில் யாரிடமும் சொல்லாமல் மெடிக்கலில் போய் “அரிப்புக்கு ஒரு ட்யூப்” என்று கேட்கிறான். கொடுக்கப்படும் ட்யூபில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும், அதனால் அதை நல்ல மருந்து என்று நம்பிவிடுகிறான். பூஞ்சையோ அடங்காமல் வட்டம் வட்டமாகப் பரவுகிறது, நிறுத்தினால் முன்னைவிட மோசமாக அரிக்கிறது, மறுபடி அதே ட்யூப். தொடை இடுக்கில் தோல் இயல்பாகவே மெல்லியது, மடிப்பும் வியர்வையும் சேர்ந்து மருந்தை இன்னும் உள்ளே இழுக்கும். சில வாரங்கள், சில மாதங்கள் போனதும் உள் தொடையில் விரல் அகலத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள். படர்தாமரையை நான் குணமாக்கிவிடுவேன். அந்தப் பட்டைகள் அவனோடு ஆயுசு முழுக்க இருக்கும். அக்குளிலும், மார்புக்குக் கீழ் மடிப்பிலும், முழங்கை மடிப்பிலும் பெண்களுக்கும் இதே நடக்கிறது.

க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், ஹாலோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் ட்யூபில் இருந்தால் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் ஒரு நாள்கூடத் தடவாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் தொடவே வேண்டாம். சிவப்பழகுக்கு என்று முகத்தில் தடவும் சில கலவைக் களிம்புகளிலும் இவை இருக்கின்றன. 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. இருந்தும் கேட்டால் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. சரியாகப் பயன்படுத்தினால் இவை அருமையான மருந்துகள், நானே தினமும் எழுதிக் கொடுக்கிறேன். எந்த இடத்தில், எத்தனை நாள், எவ்வளவு என்று சொல்லாமல் விற்பதுதான் ஆபத்து.

சரி, லேசருக்கு வருவோம். உங்களுக்குப் பேக்கேஜ் சொன்ன கிளினிக்கில் எந்த லேசர் என்று சொன்னார்களா? லேசர் என்பது ஒரே மெஷின் இல்லை. புதுக் கோடுகளின் சிவப்பைக் குறைக்க பல்ஸ்டு டை லேசர் என்று ஒன்று உண்டு, 585 அல்லது 595 நானோமீட்டர் அலைநீளத்தில் ரத்தக் குழாய்களைக் குறிவைக்கும். சிக்கல் என்னவென்றால் தோலின் கருநிறமியும் அதே ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். தோல் நிறத்தை மிக வெளுப்பு 1, மிகக் கறுப்பு 6 என்று பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் நம்மில் பெரும்பாலோர் 4 அல்லது 5. இந்த நிறத்தில் அந்த லேசரைக் கவனமில்லாமல் போட்டால் கோட்டைச் சுற்றித் தோல் கறுக்கும், கொப்பளிக்கும். பழைய கோடுகளுக்கு ஃப்ராக்ஷனல் லேசர்கள் இருக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு லேசர் தோலில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னத் துளைகளைப் போட்டு, அவை ஆறும்போது புதுக் கொலாஜன் உண்டாக வைக்கிறது. பலன் உண்டு. நம் தோலில் கறுப்பு தட்டி, அது போக மாதக்கணக்கில் ஆவதும் உண்டு. வயிற்றில் இருபது கோட்டை மங்கவைக்கப் போய், இருபது கறுப்புப் பட்டையோடு வந்து நிற்கும் பெண்ணுக்கு என்ன ஆறுதல் சொல்வது?

அதனால் நம் நிறத்தவர்களுக்கு நான் முதலில் யோசிப்பது மைக்ரோநீட்லிங். மரத்துப்போகும் க்ரீம் தடவி ஒரு மணி நேரம் போல வைத்திருந்து, நுண்ணிய ஊசிகள் உள்ள பேனா போன்ற கருவியால் கோடுகளின் மேல் குத்திக்கொண்டே போவோம். பனித்துளி மாதிரி ரத்தப் பொட்டுகள் தெரியும், அதுதான் சரியான ஆழத்துக்கு அடையாளம். இரண்டு மூன்று நாள் சிவந்திருக்கும். மாதம் ஒன்று வீதம் மூன்று முதல் ஆறு முறை. சூடு அதிகம் இல்லாததால் கறுத்துப்போகும் அபாயம் லேசரைவிடக் குறைவு. ரேடியோ அலையின் சூட்டையும் சேர்த்துக் கொடுக்கும் கருவிகள், நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த பிளாஸ்மாவைத் தடவுவது என்று கூடுதல் வகைகள் இருக்கின்றன, செலவும் கூடும். எதைச் செய்தாலும் கிடைப்பது இதுதான்: பள்ளம் சமமாகும், அகலம் குறையும், சுருக்கம் கொஞ்சம் இறுகும். கை எட்டும் தூரத்தில் நின்று பார்த்தால் கண்ணில் படாது, கிட்டத்தில் பார்த்தால் தெரியும். வெள்ளைக் கோட்டுக்குப் பழைய நிறம் திரும்புவதுதான் எல்லாவற்றிலும் கடினம், 308 நானோமீட்டர் எக்ஸைமர் என்ற புற ஊதா ஒளி கொடுத்து நிறம் வரவைத்தாலும் நிறுத்தினால் மெல்ல வெளுத்துவிடுகிறது.

டெர்மா ரோலர் என்று ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதை வாங்கி வீட்டில் உருட்டாதீர்கள். கிருமி நீக்கம் செய்யாத ஊசி, எத்தனை ஆழம் என்று தெரியாத கை, மேலே எதையாவது தடவும் ஆசை, மூன்றும் சேர்ந்தால் சீழ் பிடித்த தோலோடுதான் முடியும்.

உங்களை ஏன் காத்திருக்கச் சொல்கிறேன் என்றால், பிரசவத்துக்குப் பிறகு உடம்பு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. தோல் சுருங்குகிறது, ஹார்மோன் மாறுகிறது, கோடுகள் தாமாகவே மங்கிக்கொண்டிருக்கின்றன. இப்போது ஆறு சிட்டிங் முடித்தால், வந்த பலனில் எது சிகிச்சையால், எது இயற்கையாக என்று யாருக்கும் தெரியாது. பால் கொடுத்து முடித்து, எடை ஒரு நிலைக்கு வந்த பிறகு யோசியுங்கள். அப்போதும் முழு வயிற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டாமல், கைக்குட்டை மூலை அளவுக்கு ஓர் இடத்தில் மட்டும் செய்து, ஆறு வாரம் பொறுத்துப் பார்க்கக் கேளுங்கள். நல்ல மருத்துவர் தயங்காமல் ஒப்புக்கொள்வார். கருவியை யார் பிடிப்பார், தோல் மருத்துவரா பயிற்சி பெற்ற உதவியாளரா என்றும் கேளுங்கள். உங்கள் நிறத்தில் உள்ளவர்களுக்குச் செய்த முன்-பின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். உடம்பில் எங்காவது காயம் ஆறிய இடம் தடித்து வளரும் பழக்கம் இருந்தால், சிசேரியன் தழும்பு புடைத்திருந்தால், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதுவரைக்கும் மாதம் ஒருமுறை அதே ஜன்னல், அதே நேரம், அதே தூரத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரு வருடத்தில் எவ்வளவு தானாகக் குறைந்திருக்கிறது என்று பார்த்தால் பலருக்கு சிகிச்சை வேண்டாம் என்றே தோன்றிவிடுகிறது.

உடற்பயிற்சி செய்தால் போகுமா என்றும் கேட்பீர்கள். வயிற்றுத் தசை இறுகும், நல்லது, கோடு தோலில் இருப்பதால் அதற்கு அது தெரியாது. பிரசவத்துக்குப் பின் வயிற்றில் துணி கட்டுவதற்கும் கோட்டுக்கும் சம்பந்தமில்லை. தொப்பையைக் குறைக்கும் அறுவை சிகிச்சையில் தொப்புளுக்குக் கீழே உள்ள தோலை வெட்டி எடுக்கும்போது அதிலிருக்கும் கோடுகளும் சேர்ந்து போகும், ஆனால் கோட்டுக்காக மட்டும் அவ்வளவு பெரிய ஆபரேஷனை யாருக்கும் சொல்ல மாட்டேன், இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு நிச்சயமாக இல்லை.

தம்பி விஷயம். பதினான்கு, பதினைந்து வயதில் பையன்கள் ஒரே வருடத்தில் மளமளவென்று வளரும்போது கீழ் முதுகில், முதுகெலும்புக்குக் குறுக்கே, படிப்படியாகக் கோடுகள் விழும். பிரம்பால் அடித்த தடம் மாதிரியே இருக்கும். அப்படி நினைத்து வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் பையனை விசாரித்த கதைகள் உண்டு. அடித்த தடம் சில நாளில் நிறம் மாறி மறைந்துவிடும். இது வாரக்கணக்கில் அப்படியே இருக்கும், வலிக்காது. சில வருடங்களில் தானாக மங்கும். அவனிடம் தனியாக, மிரட்டாமல், ஜிம்முக்குப் போகிறானா, யாராவது உடம்பு ஏற்ற ஊசியோ மாத்திரையோ கொடுத்தார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். அப்படியிருந்தால் தோளுக்கும் மார்புக்கும் நடுவே, அக்குளுக்கு முன்பக்கமும் கோடு இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு இதே வயதில் மார்பிலும் இடுப்பிலும் தொடையிலும் வரும், ஒல்லியான பிள்ளைகளுக்கும் வரும். அவர்கள் பயந்து அம்மாவிடம்கூட மறைப்பார்கள், இது வளர்ச்சிதான் என்று முன்கூட்டியே யாராவது சொல்லிவைத்தால் எவ்வளவோ நிம்மதி.

எப்போது பயப்பட வேண்டும் என்றால், கோடு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக, அடர்ந்த கத்தரிப்பூ நிறத்தில், வயிற்றிலும் தொடையிலும் அக்குளிலும் ஒரே சமயத்தில் கிளம்பினால். கூடவே முகம் உருண்டை ஆவது, பிடரியில் சதை திரள்வது, லேசாகப் பட்டாலே தோல் கன்றிப்போவது, குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமம், சின்ன வயதிலேயே ரத்த அழுத்தமோ சர்க்கரையோ, இவற்றில் எது இருந்தாலும் உடம்பில் கார்ட்டிசால் மிகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடம்பே கார்ட்டிசாலை அதிகமாகச் சுரக்கும் குஷிங் நோய் அரிது. ஆஸ்துமாவுக்கு, மூட்டு வலிக்கு என்று பெயரில்லாத பொட்டலத்தில் தரும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருப்பது அவ்வளவு அரிதில்லை. அப்படி ஒரு பொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டு வருபவர் பயந்து ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். தம்பி வயதுக்கு மீறிய உயரமாக, விரல்கள் அசாதாரண நீளமாக, கண் பார்வைக் குறையோடும் இருந்தால் மார்ஃபான் என்ற பிறவிக் குறைபாடு இருக்கிறதா என்று இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். முதல் பிரசவத்தில் வந்தவர்களுக்கு மறுபடி வர வாய்ப்பு உண்டு. தடுக்க உறுதியான வழி இல்லை, உங்கள் கையில் இருப்பது எடை மட்டும். கர்ப்பத்துக்கு முன் சாதாரண எடையில் இருக்கும் பெண்ணுக்கு ஒன்பது மாதத்தில் 10 முதல் 12 கிலோ கூடினால் போதும் என்பதுதான் இங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு என்று தட்டில் போட்டுக்கொண்டே இருப்பவர்களிடம் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள். தொடைக்கு ட்ரெட்டினாயின் ஆரம்பித்திருந்தால், அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்வது என்று முடிவெடுக்கும்போதே மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள், நாள் தள்ளிப்போகும்வரை காத்திருக்க வேண்டாம்.